பனிமலை தீட்டிய பெருமகன்

எங்கள் கரம்பொன்னில் மலை இல்லை. மேடென்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. ஊர்காவற்றுறைத் தீவு முழுவதும் கடல் மட்டத்துக்குச் சில அடிகளே உயர்ந்த தரை. அண்ணாந்து நோக்க விரும்பினால் பனைமரத்தையோ கோயிற் கோபுரத்தையோ தேவாலயத்தின் மணிக்கோபுரத்தையோதான் நோக்குதல் வேண்டும். பனி என்னுஞ் சொல்லுங்கூட எங்கள் வழக்கில் மார்கழி, தை மாதங்களில் விடியற்புறத்தே ஓலையிலிருந்து சொட்டுகின்ற நீரையே குறிக்கும். உறைந்து வெண்கல்லாய்க் கிடக்கும் பனியைக் கண்டவர் எவரெனின், பிறநாடு சென்று மீண்ட ஊரவர் சிலரே.

இத்தகைய ஊரிலே, சென்ற ஆண்டு நடைபெற்ற மாணவர் கைவினைக் கண்காட்சியொன்றில் பனிமலை ஒன்றைக் கண்டேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தீட்டிய ஓவியம் அது. கீழே கருநீலப் பள்ளத்தாக்கு; அதன்மேல் ஊதா நிற மலைத்தொடர்; அதற்கும் மேலே, இளஞ்சிவப்பும் பொன்னுங் கலந்து எரிவதுபோல் நின்ற கொடுமுடி. நீ பனியைக் கண்டதுண்டோ பிள்ளை என்று வினவினேன். இல்லை ஐயா என்றாள். பின் எவ்வாறு தீட்டினாய் என்றதற்கு, மாமனார் வீட்டுச் சுவரில் ஒட்டப்பட்டிருந்த அச்சுப் படமொன்றைப் பார்த்துப் பழகியதாகக் கூறினாள். அந்தப் படத்தை மறுநாள் கொண்டுவந்து காட்டினாள். பார்த்த அளவில் அறிந்துகொண்டேன். பல்லாண்டுகளுக்கு முன் திருவனந்தபுரஞ் சென்றிருந்தபோது அங்குள்ள சிறீ சித்திராலயத்தில் யான் நெடுநேரம் நின்று நோக்கிய ஓவியங்களை எழுதிய அதே கை. நிக்கலஸ் றோரிக் என்னும் உருசியப் பெருமகனாரின் கை.

யான் கற்பிப்பது தமிழ், ஓவியம் அன்று. எனினும் இமயம் என்பது தமிழ் மாணாக்கனுக்கு அயலான சொல் அன்று. சேரருள் ஒருவன் இமயவரம்பன் என்றே பெயர்பெற்றான். செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல்லெடுக்க அம்மலைக்கே சென்றான். இவற்றையெல்லாம் முப்பது ஆண்டுகளாக வகுப்பிலே சொல்லி வருகின்றேன். ஆயினும் இமயத்தைப் பொருள் விளங்கச் சொன்னேனா என்னும் ஐயம் அந்தப் பிள்ளையின் ஓவியத்தைக் கண்டபோது எனக்கு எழுந்தது. அதனால் அம்மலையையே தம் வாழ்நாளின் பிற்பாதி முழுவதும் தீட்டியிருந்த ஒருவருடைய வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகின்றேன்.

வீட்டுச் சுவரில் ஒரு மலை

றோரிக் 1874ஆம் ஆண்டு ஒக்ரோபர் 9ஆம் நாள் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிற் பிறந்தார். தந்தையார் வழக்குத்துறையில் நற்பெயர் ஈட்டியவர். குடும்பத்தினருக்கு இஸ்வாரா என்னும் ஊரில் ஒரு பண்ணை வீடு இருந்தது. அவ்வீட்டின் சுவரிலே மாலைவெயிலில் ஒளிரும் மாமலையொன்றின் ஓவியம் தொங்கியது. சிறுவன் அதனை நாள்தோறும் பார்த்து வளர்ந்தான். அது எந்த மலை என்பது அப்பொழுது அவனுக்குத் தெரியாது. அது இமயத்தின் கஞ்சன்சங்கா என்பதைப் பிற்காலத்திலேதான் அறிந்துகொண்டதாக அவரே எழுதியுள்ளார்.

அப்பரடிகள் கயிலையைக் காணும் வேட்கையால் வடதிசை சென்று, கால் தேய, கை தேய, மார்பு தேய ஊர்ந்தும் அடைய மாட்டாராய், பொய்கையொன்றில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து அங்கேயே கயிலைக் காட்சி பெற்றார் என்பது நாம் அறிந்த வரலாறு. தேடிப்போன மலை வீட்டருகே வந்து நின்றது. றோரிக்கின் வாழ்விலோ இது தலைகீழாக நிகழ்ந்தது. மலை முதலில் வீட்டுக்கு வந்தது. அவர் பின்னர் அதனைத் தேடிச் சென்றார்.

இளமையில் அவர் உடல்நலம் குன்றியவர். மார்புச்சளி ஓயாது வருத்தியது. மருத்துவர் மருந்தைக் குறைத்து, மாரிக்காலத்திலும் காட்டுவெளியில் நடக்கும்படி பணித்தார். அவ்வாறு பனியிலே நடந்து நடந்துதான் பனியின் நிறங்களை அவர் கற்றார். ஒன்பது அகவையளவில், இஸ்வாராவுக்கு வந்த தொல்பொருள் அறிஞர் ஒருவர் பழைய ஈமமேடுகளை அகழ்ந்தபோது சிறுவனையும் உடன் அழைத்துச் சென்றார். மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட பழம்பொருள்கள் அவன் நெஞ்சிலே ஆழப் பதிந்தன. பழமையைக் காத்தல் வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வேர்கொண்டது. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

ஆசிரியர் வாய்த்த பேறு

மகன் வழக்கறிஞனாதல் வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். ஓவியனாதல் வேண்டும் என்பது மகனின் விருப்பம். இருவரும் விட்டுக்கொடுத்தனர். 1893இல் இளைஞர் பல்கலைக்கழகத்துச் சட்டத்துறையிலும் கலைக்கழகத்திலும் ஒருங்கே சேர்ந்தார். இரண்டையும் முடித்தார் என்பதே அவரது உழைப்புக்குச் சான்று.

கலைக்கழகத்தில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஆர்க்கிப் குயின்சி. இவர் ஏழைச் செருப்புத் தொழிலாளி ஒருவருக்கு மகனாய்ப் பிறந்து, பள்ளிக்கல்வி பெரிதும் இன்றித் தம் முயற்சியால் உயர்ந்தவர். நிலவொளியைத் தீட்டுவதில் அவருக்கு ஒப்பார் அக்காலத்து இல்லை. 1880இல் அவர் தீட்டிய, நீப்பர் ஆற்றின்மேல் நிலவு என்னும் ஓவியத்தை மக்கள் திரண்டு வந்து கண்டனர். அதன் பின்புறத்தில் விளக்கு மறைத்து வைக்கப்பட்டிருக்குமோ என்று ஐயுற்றோரும் உண்டு. மாணவர் தம் உரிமைக்காக எழுந்தபோது அவர்கள் பக்கம் நின்றமையால் 1897இல் அவர் பதவி இழந்தார். தம் மாணாக்கரைத் தம் மக்களென எண்ணிய ஆசிரியர் அவர். ஆசிரியத் தொழில் புரியும் நம்போன்றோர் அவர் பெயரை மறத்தல் ஆகாது.

1897இல் றோரிக் கலைக்கழகப் படிப்பை நிறைவுசெய்யத் தீட்டிய ஓவியம் தூதன் என்பது. இரவிலே ஆற்றில் ஓர் ஓடம். அதில், குலத்தோடு குலம் பகைத்தெழுந்த செய்தியைச் சுமந்து செல்லும் முதியவர். அதனைப் புகழ்பெற்ற கலைச்சேகரிப்பாளரான திரெத்தியாகோவ் விலைகொடுத்து வாங்கினார். பின்னர் றோரிக் முதுபெரும் எழுத்தாளர் தோல்ஸ்தோயைக் காணச் சென்றார். அவர் இளைஞருக்குக் கூறிய அறிவுரை எங்கள் தீவகத்தார் எளிதில் உணர்வது. நீரோட்டம் மிக்க ஆற்றைக் கடப்பவன், தான் சேரவேண்டிய துறைக்கு நேராக ஓடத்தைச் செலுத்தினால் ஓட்டம் அவனைக் கீழே தள்ளிவிடும். துறைக்கு மேலே குறிவைத்துச் செலுத்தினால்தான் துறையைச் சேர்வான். அறநெறியிலும் அவ்வாறே உயரக் குறிவைத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு ஓடம் வலித்தோர் எவரையும் கேட்டால் அதன் உண்மையைச் சொல்வார்கள்.

இதன்பின் பாரிசிற் சிலகாலம் பயிற்சி. 1901இல் எலேனா அம்மையாரோடு திருமணம். மூத்த மகன் ஜோர்ஜ் 1902இலும் இளையவர் சுவெத்தொஸ்லாவ் 1904இலும் பிறந்தனர். 1903, 1904ஆம் ஆண்டுகளில் கணவனும் மனைவியும் உருசியாவின் பழம்பெரும் ஊர்களைச் சுற்றிவந்தனர். பேணுவாரற்றுச் சிதைந்துகிடந்த கோயில்களையும் கோட்டைகளையும் றோரிக் வரைந்தார். 1906இல் பீற்றர்ஸ்பேர்க் கலைப்பள்ளியொன்றின் தலைவரானார். 1913இல் ஸ்திராவின்ஸ்கி இசையமைத்த, வசந்த வழிபாடு என்னும் நாட்டிய நாடகம் பாரிசில் அரங்கேறியபோது காட்சித்திரைகளும் உடைகளும் இவர் வரைந்தவையே. அந்நாளில் அரங்கில் எழுந்த கூச்சலும் குழப்பமும் இசையுலக வரலாற்றில் இடம்பெற்றன.

எண்ணெயைக் கைவிட்ட கதை

ஈண்டு ஓவியத் தொழில் பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். மேலைநாட்டு ஓவியர் பெரும்பாலும் எண்ணெய் வண்ணமே பயன்படுத்துவர். ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த வண்ணம் பளபளக்கும். ஆனால் மெல்ல உலரும். ஆண்டுகள் செல்லச்செல்ல மஞ்சளித்துக் கறுக்கும். குயின்சியின் புகழ்பெற்ற நிலவோவியமும் அவர் பயன்படுத்திய வண்ணப்பொருளின் குறையால் நாளடைவில் இருண்டுவிட்டது. ஆசிரியர் பிடித்துவைத்த ஒளியைக் காலம் பறித்துக்கொண்டது.

மாணாக்கர் எண்ணெயைக் கைவிட்டார். டெம்பெரா என்னும் பழைய முறைக்கு மாறினார். வண்ணப்பொடியை எண்ணெயில் அன்றி, முட்டைக் கருவிலோ பசைபோன்ற பிறவற்றிலோ நீர்சேர்த்துக் குழைப்பது அம்முறை. அது விரைவில் உலரும், பளபளப்பின்றிச் சுண்ணச்சுவர்போல் மங்கலாய் நிற்கும், எண்ணெய்போற் கறுக்காது. ஆசிரியரின் நிலவு இருண்டதற்கும் மாணாக்கர் எண்ணெயைத் துறந்ததற்கும் தொடர்பு காண்பது என் ஊகமே. ஆயினும் ஆசிரியரின் குறையைத் தம் வழியில் நிறைவாக்குவதன்றோ நன்மாணாக்கர் செய்யத்தக்க குருதட்சணை?

கரம்பொன் மாணவி தீட்டியது அக்ரிலிக் வண்ணத்தால். அது நீரிற் குழைவது, உலர்ந்தபின் நீரிற் கரையாதது, கறுக்காதது, சிறுபொழுதில் உலர்வது. 1950ஆம் ஆண்டுகளிலேதான் அது ஓவியர் கைக்குப் பரவலாக எட்டியது. ஆகவே 1947இல் மறைந்த றோரிக் அதனைத் தொட்டவரல்லர். எனினும் அவர் டெம்பெராவில் தேடிய பண்புகள் பலவும் அதில் இருக்கின்றன. சித்திரபாட ஆசிரியர் எனக்குக் காட்டினார்: முதலில் துணி முழுவதற்கும் மெல்லிய நிறமொன்றைப் பூசிக்கொள்ள வேண்டும். பின்பு தொலைவிலுள்ள மலையிலிருந்து தொடங்கி, ஒன்றன்முன் ஒன்றாகப் பரந்த பட்டைகளாய் மலைகளை அடுக்க வேண்டும். ஒன்று உலர்ந்தபின்பே மற்றது. அப்பொழுதுதான் விளிம்பு கத்திபோற் கூர்மையாய் நிற்கும். தூய வெண்மையை எல்லாவற்றுக்கும் கடைசியில், ஒளி படும் ஒரு விளிம்புக்கு மட்டுமே செலவிட வேண்டும்.

பனி வெண்மையன்று என்பதுதான் இதன் உட்பொருள். நிழலில் கிடக்கும் பனிமேல் கதிரவனின் ஒளி நேரே படுவதில்லை. நீலவானின் ஒளியே படுகின்றது. ஆதலின் அது நீலமாய்த் தோன்றும். காலையிலும் மாலையிலும் கதிரவனின் சிவந்த ஒளி கொடுமுடியைத் தழுவ, அது செம்மையும் பொன்மையும் ஆகும். பிள்ளைகள் பலரும் பனியை வெண்சுண்ணாம்பு பூசிய சுவராகத் தீட்டிவிடுவது இதனை அறியாமையாலே. றோரிக் இதனை இஸ்வாராக் காட்டிலே கற்று, இமயத்திலே முதிர்வித்தார்.

தெற்கு நோக்கி

1916இன் இறுதியில் நுரையீரல் நோய் முற்றவே றோரிக் பின்லாந்துப் பகுதிக்குச் சென்று தங்கினார். அடுத்த ஆண்டு உருசியாவிற் புரட்சி மூண்டது. குடும்பம் திரும்பி அங்கே வாழும் நிலை ஏற்படவில்லை. 1919இல் இலண்டன் சேர்ந்தார். அங்கே 1920இல் இரவீந்திரநாத தாகூரைச் சந்தித்தார். அவ்வாண்டே அமெரிக்கா சென்று, 1921இல் நியூயோர்க்கிலே கலைகள் அனைத்தையும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கும் பள்ளியொன்றை நிறுவினார். 1923இல் அங்கே அவர் பெயரால் அரும்பொருட்சாலையும் எழுந்தது.

அவர் மனம் அங்கே நிலைகொள்ளவில்லை. 1923 டிசம்பரில் குடும்பத்தோடு பம்பாயில் இறங்கினார். ஐம்பதாம் அகவையை அணுகிய வேளையில் தார்ச்சிலிங்கில் நின்று கஞ்சன்சங்காவைக் கண்ணாரக் கண்டார். பிள்ளைப் பருவத்துச் சுவரோவியம் உயிர்பெற்று எதிரே நின்றது.

1924இல் தீட்டிய ஓவியமொன்றின் பெயர் நினைவிற்கொள் என்பது. குதிரைமேற் செல்லும் ஒருவன் ஒருகணம் திரும்பி நோக்குகின்றான். அவன் விட்டுவந்த மனையருகே பெண்டிர் நிற்கின்றனர். பின்னே பனிமலை. இதற்குமேல் ஒன்றும் இல்லை. 1990ஆம் ஆண்டுகளில் இத்தீவை விட்டுப் பெயர்ந்தபோது எங்கள் வீட்டுப் படலையைத் திரும்பிப் பார்த்தவர்களுள் யானும் ஒருவன். எங்களுக்கு அவ்வோவியத்துக்கு உரை வேண்டியதில்லை.

1925இல் அடையாற்றுப் பிரம்மஞான சபைக்குத் தம் ஓவியமொன்றை அவர் வழங்கினார். அவரது பயணநூலில் இலங்கையும் பேசப்படுகின்றது. இராமாயணத்து இலங்கையை எண்ணிக் கொழும்பில் இறங்கியவர், பல நாட்டு வணிகரையும் அலுவலரையும் கண்டு, இத்தீவுக்குரிய மக்கள் எங்கே என்று வியந்தார். களனி விகாரையிலேதான் அவர் தேடியது கிடைத்தது.

அதே 1925இல் மத்திய ஆசியப் பெரும்பயணம் தொடங்கியது. எலேனா அம்மையாரும் மூத்த மகனும் உடன் சென்றனர். காசுமீரம், இலடாக்கு, காரகோரம், கோத்தான், காசுகர், உருமுச்சி, அல்தாய், மங்கோலியா என்று நீண்ட வழி, இறுதியில் திபெத்து. குதிரையிலும் ஒட்டகத்திலும் கவரிமாட்டிலுமாக முப்பத்தைந்து மலைக்கணவாய்களைக் கடந்தனர். அவற்றின் உயரம் 14,000 முதல் 21,000 அடி வரை என்பர்.

1927ஆம் ஆண்டின் கடைக்கூறில் திபெத்தின் மேட்டுநிலத்தில் அதிகாரிகள் அவர்களை மறித்தனர். முன்னே செல்லவும் விடவில்லை. பின்னே திரும்பவும் விடவில்லை. கோடைக்கென அமைந்த கூடாரங்களில் ஐந்து மாதக் கொடும்மாரியைக் கழிக்கவேண்டியதாயிற்று. மருந்துப் பெட்டியிலிருந்த மதுவும் உறைந்தது. உடன்வந்தோருள் ஐவர் இறந்தனர். விலங்குகளில் ஏறக்குறையத் தொண்ணூறு மடிந்தன. பனியை அழகாகத் தீட்டியவர் அதன் கொடுமையை அறியாதவரல்லர். 1928 மே மாதத்தில் எஞ்சியோர் தார்ச்சிலிங் மீண்டனர். இப்பயணத்தின் பயனாய் விளைந்த ஓவியங்கள் ஏறக்குறைய ஐந்நூறு. புத்தர், இயேசு, மோசே, முகம்மது நபி, கொன்பூசியசு, இலாவோத்சு ஆகியோரை ஒரே வரிசையில் வைத்துத் தீட்டிய கீழ்த்திசைக் கொடிகள் என்னுந் தொகுதியும் இக்காலத்ததே. கோயில் மணியும் தேவாலய மணியும் அடுத்தடுத்து ஒலிக்கக் கேட்டு வளரும் எங்கள் ஊரவருக்கு அவ்வரிசை புதுமையாய்த் தோன்றாது.

1928இல் உருசுவதி என்னும் இமாலய ஆராய்ச்சி நிலையத்தை அவர் நிறுவினார். அவ்வாண்டின் இறுதியில் குலுப் பள்ளத்தாக்கிலே, பியாசு ஆற்றுக்கு மேலே ஏறக்குறைய 6000 அடி உயரத்திலுள்ள நக்கர் என்னும் சிற்றூரிற் குடியேறினார். மூலிகை, மொழி, தொல்பொருள் எனப் பல துறைகளில் அந்நிலையம் பணியாற்றியது. மூத்த மகன் ஜோர்ஜ் திபெத்து மொழியிற் பேரறிஞரானார்.

நக்கரிலே நாள்தோறும் றோரிக் தீட்டினார். பிற்காலத்து மலையோவியங்கள் பல ஓரடி உயரமும் ஒன்றரை அடி அகலமுமே உடையவை. அத்துணைச் சிறிய துணியில் அத்துணைப் பெரிய மலை எவ்வாறு அடங்கியது என்று திருவனந்தபுரத்தில் நின்றபோது வியந்தேன். மரமில்லை; பறவையில்லை; பெரும்பாலும் மனிதரும் இல்லை. இருந்தால், மலையடியில் எள்ளளவான ஓர் உருவம். குறுந்தொகைப் பாட்டிலே சில அடிகளில் ஒரு பெருவெளி விரியக் காண்கின்றோமே, அத்தகைய சுருக்கம் அது. அவர் வாழ்நாளில் எழுதிய ஓவியங்கள் ஏறக்குறைய 7000 என்பர்.

வெண்கொடியும் மூன்று செவ்வட்டமும்

இனி, இக்கட்டுரை எழுத என்னைத் தூண்டிய பகுதிக்கு வருகின்றேன்.

1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது பெல்சியம் நாட்டு லூவேன் பல்கலைக்கழக நூலகம் எரிக்கப்பட்டது. ஏடுகளும் நூல்களுமாக ஏறக்குறைய மூன்று இலட்சம் சாம்பலாயின. செய்தி கேட்ட றோரிக், மனித குலத்தின் பகைவன் என்னும் பெயரில் ஒரு சுவரோவியத் தாளை வரைந்தார். அத்துடன் அமையவில்லை. போர்க்களத்தில் மருத்துவமனையைக் காக்கச் செஞ்சிலுவைக் கொடி இருப்பதுபோல, நூலகத்தையும் கோயிலையும் பள்ளியையும் அரும்பொருட்சாலையையும் காக்க ஒரு கொடி வேண்டும் என்று எண்ணினார். வெள்ளைத் துணியில் ஒரு செவ்வட்டம். அதனுள்ளே மூன்று செவ்வட்டங்கள். அதுவே அவர் வகுத்த அமைதிக்கொடி. சட்டம் பயின்ற ஓவியர் அல்லரோ? கொடியோடு நில்லாது உடன்படிக்கையும் வேண்டுமென்று பல்லாண்டு உழைத்தார். 1935 ஏப்ரல் 15ஆம் நாள் வாசிங்டனில், வெள்ளை மாளிகையில், உரூசுவெல்ட் முன்னிலையில் அமெரிக்கக் கண்டத்து 21 நாடுகள் அதில் ஒப்பமிட்டன. றோரிக் உடன்படிக்கை என்பது அதன் பெயர். 1954இல் ஏக் நகரில் உலகநாடுகள் செய்த பண்பாட்டுச் செல்வப் பாதுகாப்பு ஒப்பந்தம், தன் முகப்பிலேயே இம்முன்னோடியை நினைவுகூர்கின்றது.

இதனைப் படித்தபோது யான் 1981ஐ நினைந்தேன். அவ்வாண்டு மே 31ஆம் நாள் இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. பன்மொழிப் புலவரான தாவீது அடிகள் அந்நெருப்பைக் கண்ட அதிர்ச்சியால் உயிர்நீத்தார். கரம்பொன்னிற் பிறந்து தமிழை உலக அரங்குக்குக் கொண்டுசென்ற தனிநாயகம் அடிகள் அதற்கு முந்திய ஆண்டே, 1980இல், மறைந்திருந்தார். அதனைக் காணும் துயர் அவருக்கு நேரவில்லை என்று பெரியோர் சொல்லி ஆறுதலடையக் கேட்டிருக்கின்றேன். அப்பொழுது யான் சிறுவன். கடலுக்கு அப்பாலிருந்து வந்த செய்தியைக் கேட்டு, பாட்டனார் திண்ணையிலமர்ந்து இரண்டு நாள் உணவுகொள்ளாதிருந்தது மட்டும் நினைவிருக்கின்றது. அவர் பேணிய ஏட்டுச்சுவடிகளையும் பின்னாளில் வீட்டிலே விட்டுப் பெயர்ந்தோம். மீண்டபோது கறையான் புற்றே இருந்தது.

ஒரு கொடி நெருப்பைத் தடுத்திருக்குமா என்று கேட்பார் கேட்கலாம். தடுத்திராது என்றே யானும் எண்ணுகின்றேன். 1935க்குப் பின்னும் உலகில் நூலகங்கள் எரிந்தன. ஆனால் எரிப்பது குற்றம் என்று உலகு கூடி எழுதிவைத்தபின், எரிந்ததைக் குற்றமென்று சுட்டுதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. திருடர் இருக்கின்றார் என்பதற்காக அறநூலை எழுதாது விடுவாரில்லை.

இழப்பும் ஓய்வும்

றோரிக்கின் வாழ்வு புகழால் மட்டும் நிறைந்ததன்று. மறைபொருட் கொள்கைகளில் அவரும் துணைவியாரும் கொண்ட ஈடுபாட்டைப் பலர் எள்ளினர். சம்பாலா என்னும் மறைநாட்டைத் தேடினார் என்று நகைத்தனர். ஆங்கில அரசு அவரை உருசிய ஒற்றரென ஐயுற்றது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வேளாண்மைத் துறைக்காக, வறட்சி தாங்கும் புற்களைத் தேடி மஞ்சூரியாவுக்குச் சென்றார். அப்பயணம் பிணக்கில் முடிந்தது. ஆதரித்தோர் கைவிட்டனர், வரி வழக்கும் எழுந்தது. நியூயோர்க் அரும்பொருட்சாலையும் அதிலிருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்களும் கைநழுவின. அவர் அமெரிக்காவுக்கு மீளவே இல்லை. இக்குறைகளையும் பிணக்குகளையும் மறைத்துச் சொல்வது வரலாறாகாது. அவர் முனிவராகவே வாழ்ந்தாரா என்பதைத் தீர்ப்பது என் வேலையன்று. இழந்தபின்னும் மறுநாட் காலையில் தூரிகையை எடுத்தார் என்பது எனக்குப் போதும்.

1942இல் சவகர்லால் நேருவும் மகள் இந்திராவும் நக்கருக்கு வந்து தங்கினர். இளையமகன் சுவெத்தொஸ்லாவ் நேருவின் உருவைத் தீட்டினார். அவரும் பேரோவியரே. 1945இல் புகழ்மிக்க திரைநடிகை தேவிகாராணியை மணந்து, பின்னாளிற் பெங்களூரை அடுத்து வாழ்ந்து 1993இல் மறைந்தார்.

போர் முடிந்தபின் தாயகம் மீளும் ஆசை றோரிக்குக்கு இருந்தது. அது கைகூடவில்லை. 1947 டிசம்பர் 13ஆம் நாள் நக்கரில் அவர் உயிர் பிரிந்தது. அகவை எழுபத்துமூன்று. தாம் பல்லாண்டு நோக்கிய பனிமலைகளுக்கு எதிரே அவர் உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் நிறுவிய கல், அவரை மகரிசி என்றும் இந்தியாவின் நண்பர் என்றும் குறிக்கின்றது. அவர் வாழ்ந்த மனை இன்று அரும்பொருட்சாலை. தேசியக் கலைச்செல்வமென இந்திய அரசு அறிவித்த ஒன்பதின்மர் படைப்புகளுள், தாகூர், இரவிவர்மா முதலியோருடையவற்றோடு இவ்வயல்நாட்டாருடையனவும் இடம்பெறுகின்றன. 1961இல் முதன்முதல் விண்வெளி சென்ற ககாரின், வானின் விளிம்பிலே கண்ட நிறங்களுக்கு உவமையாக றோரிக்கின் ஓவியங்களையே சொன்னார்.

கண்காட்சி முடிந்தபின் அம்மாணவியை அழைத்து இவ்வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தக் கொடியை எப்படி வரைவது ஐயா என்றாள். கரும்பலகையில் வரைந்து காட்டினேன். வட்டம் கோணலாகவே வந்தது. அவள் வாங்கித் திருத்தினாள். மறுவாரம் எங்கள் சிறு நூலகத்தின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. வெண்மையிலே மூன்று செவ்வட்டங்கள். அதே அக்ரிலிக் வண்ணம். யார் ஒட்டினார் என்று தலைமையாசிரியர் கேட்டார். என் அனுமதியோடுதான் என்று சொல்லிவிட்டேன். அனுமதி கேட்கப்படவில்லை என்பது வேறு.

அத்தாள் இன்னும் அங்கேயே இருக்கின்றது. உப்புக்காற்றில் ஓரம் சுருண்டுவிட்டது. நிறம் மட்டும் மங்கவில்லை.